நிஇஹாவ் தீவின் ‘த’: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில், ஹவாய் மொழியை எழுதப் பதின்மூன்றே எழுத்துகள் போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: யூடியூபில் ஹவாய்ப் பாட்டி ஒருவர் பேசுவதைப் பார்த்தேன். கீழே ஓடுகிற எழுத்தில் ‘க’ இருக்கிறது, அவர் வாயில் ‘த’ வருகிறது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, சில சொற்களில் ‘க’ என்றே சொல்கிறார். பல் போனதாலா, அல்லது தப்பாகப் பேசுகிறாரா?
*- உயர்தர வகுப்பு மாணவி, ஹட்டன்*

பல்லும் காரணமில்லை, தப்பும் இல்லை, தங்கச்சி. அந்தப் பாட்டி அநேகமாக ஹவாய்த் தீவுகளில் ஒன்றான நிஇஹாவைச் சேர்ந்தவராகவோ அந்தத் தீவுக் குடும்பத்தில் வந்தவராகவோ இருப்பார். அவர் சொல்கிற ‘த’தான் பழையது, கீழே ஓடிய ‘க’ பிறகு வந்தது.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹவாய் மொழிக்கு பசிபிக் கடலெங்கும் சொந்தக்காரர்கள் உண்டு: நியூசிலாந்தின் மாவோரி, தஹீத்தித் தீவின் மொழி, சமோவா மொழி என்று. சேப்பங்கிழங்கை மாவோரியில் ‘தாரோ’ என்பார்கள், ஹவாயில் ‘கலோ’. மூன்று என்ற எண் அங்கே ‘தொரு’, இங்கே ‘கொலு’. கடல் அங்கே ‘தாய்’, இங்கே ‘காய்’. மூன்றிலும் மாவோரியின் ‘த’ ஹவாயில் ‘க’ ஆகியிருக்கிறது. கூடவே ‘ர’ இருந்த இடங்களில் ‘ல’ வந்திருப்பதையும் பாருங்கள். மாவோரியின் ‘அரோஹா’ எங்கே போனது என்று தேட வேண்டாம், அதுதான் ‘அலோஹா’.

சரி, ‘த’ எல்லாம் ‘க’ ஆனால் ஏற்கெனவே இருந்த ‘க’ என்ன ஆவது? அது முன்பே இடத்தைக் காலி செய்துவிட்டது. மாவோரியில் மீனுக்கு ‘இக்கா’. ஹவாயில் அந்த நடு ‘க்க’ தேய்ந்து, தொண்டையில் ஒரு சின்ன வெட்டு மட்டும் மிஞ்சி ‘இ’அ’ என்றாகிவிட்டது. தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒரு காம்பரா (அறை) காலியானால் பக்கத்துக் காம்பராக்காரர் சாமான்களை அங்கே நகர்த்துவார் இல்லையா, அதேபோல ‘க’ இருந்த இடம் வெறுமையானதும் ‘த’ மெல்ல அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. (நடுவில் வரும் ‘க’வைத் தனியாக எழுதினால் நாம் அதைத் தளர்த்தி வாசித்துவிடுவோம் என்பதால்தான் இரட்டித்து எழுதுகிறேன், அவர்கள் மொழியில் இரட்டிப்பே கிடையாது.)

இந்தக் குடிபெயர்ச்சி எல்லாத் தீவிலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில். தென்கிழக்கே உள்ள பெரிய தீவில் ‘க’ வேரூன்றிவிட்டது, வடமேற்குக் கோடியில் இருக்கும் காவாயியிலும் நிஇஹாவிலும் ‘த’ தங்கிவிட்டது. 1778 இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் காவாயியில் நங்கூரமிட்டபோது, அந்தத் தீவின் பெயரை வந்தவர்கள் ‘அட்டூயி’ என்பதுபோல எழுதிவைத்தார்கள். இன்று நாம் ‘கா’ என்று தொடங்கும் இடத்தில் அவர்கள் காதில் விழுந்தது அந்தப் பழைய ஒலிதான்.

அப்புறம், ஒரே ஆள் ஏன் இரண்டையும் சொல்கிறார்? ஏனென்றால் அந்த மொழியில் ‘த’ வந்தால் ஒரு பொருள், ‘க’ வந்தால் வேறு பொருள் என்று எந்தச் சொல்லும் பிரிவதில்லை. நமக்குக் ‘கடி’ வேறு, ‘தடி’ வேறு. அவர்களுக்கு அப்படி ஒரு ஜோடி இல்லாததால் நாக்கின் நுனி தொட்டாலும் சரி, பின்புறம் தொட்டாலும் சரி, கேட்பவருக்கு ஒரே சொல்தான். மனிதன் என்ற சொல்லைப் புத்தகம் ‘கனக்கா’ என்று எழுதுகிறது, நிஇஹாவ்காரர் வாயில் அது ‘கனத்தா’ என்று வரலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் ‘க’ தான் சரி என்று முடிவு செய்தது யார்? மக்களா, அரசனா?
*- ஆசிரியை, பண்டாரவளை*

அச்சுக்கூடம், டீச்சர். 1820 இல் அமெரிக்காவிலிருந்து மிஷனரிகள் வந்தார்கள், 1822 இல் முதல் தாளை அச்சடித்தார்கள். அதுவரை எழுத்து இல்லாத மொழி. ஒருவர் ‘தமேஹமேஹா’ என்று எழுதினார், இன்னொருவர் ‘கமேஹமேஹா’ என்று எழுதினார். இரண்டும் ஒரே அரசர். ‘ஹொனொருரு’வும் ‘ஹொனொலுலு’வும் ஒரே ஊர். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை என்பது எனக்குப் புரிகிறது, உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். அதனால் 1826 இல் மிஷனரிகள் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். ‘த’வா ‘க’வா, ‘ர’வா ‘ல’வா என்று. ‘க’வும் ‘ல’வும் ஜெயித்தன. ‘த’வுக்கும் ‘ர’வுக்கும் எழுத்துப் பட்டியலில் இடம் போனது. அரச குடும்பம் பெரிய தீவிலிருந்து வந்தது, அங்கே ‘க’ ஓங்கியிருந்தது, அதனால் அந்தப் பக்கம் எடை கூடியிருந்தது. காவாயியும் நிஇஹாவும் 1810 இல்தான் கமேஹமேஹாவின் ஆட்சிக்குள் வந்தன, அதுவும் சண்டையில் தோற்று இல்லை, உடன்பட்டு. கடைசியாகச் சேர்ந்த ஓரத்துத் தீவுகளின் ஒலி அச்சில் ஏறவில்லை.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஓர் எழுத்தை வைத்து இரண்டு ஒலியைக் காட்டுவதில் தவறே இல்லை, நாம் காலங்காலமாக அதைத்தான் செய்கிறோம். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் ஒன்றா? ‘கல்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. நம் பிள்ளைகள் யாரும் அதில் தடுமாறுவதில்லை, ஏனென்றால் சொல்லில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து ஒலி தானாக வந்துவிடும். ஹவாயில் அப்படி இடம் பார்த்து மாறும் விதி இல்லை, ஊரையும் ஆளையும் பொறுத்தது. அதனால் எழுத்தில் ‘க’ மட்டும் நின்றதும் என்ன ஆயிற்று என்றால், பள்ளியில் படித்தவர்கள் எழுதியிருப்பதையே பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள், 1834 முதல் பத்திரிகைகளும் வந்து அதை உறுதி செய்தன. எழுத்தைக் கற்றுக்கொடுக்கும்போது அந்த எழுத்துக்குப் பின்னால் இரண்டு ஒலி இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே ஒரு சொல்லில் மட்டும் பெரிய தீவிலிருந்து சின்னத் தீவு வரை எல்லோரும் அந்த வாக்கெடுப்பை மீறுகிறார்கள். பாட்டியைக் கூப்பிடும் சொல்லை எழுத்து விதிப்படி ‘கூக்கூ’ என்றுதான் எழுத வேண்டும், ஆனால் ஹவாயில் எந்தக் குழந்தையும் அப்படிக் கூப்பிடாது. ‘தூத்தூ’ தான். பாட்டி மடியில் கற்ற சொல்லை அச்சுக்கூடத்தால் மாற்ற முடியவில்லை.

கேள்வி: ஹவாய்ச் சொற்களின் நடுவில் தலைகீழ் காற்புள்ளி மாதிரி ஒன்று போடுகிறார்களே, அது நம் ஆய்தமா?
*- வாசகர், தலவாக்கலை*

ஆய்தம் இல்லை. ‘ஓக்கினா’ என்று பெயர், அது ஒரு முழு மெய்யெழுத்து. மேலே சொன்ன அந்தக் காலியான ‘க’வின் தடம். சின்னப் பிள்ளை சோறு வேண்டாம் என்று வாயைத் திறக்காமலே தலையாட்டிக்கொண்டு ‘ம்’ம்’ என்று சொல்லும்போது நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கிறதே, அதேதான். நம்மிடம் அந்த ஒலி இருக்கிறது, எழுத்து கொடுக்கவில்லை. அவர்கள் அதை வைத்தே சொற்களைப் பிரிக்கிறார்கள்: ‘பாவ்’ என்றால் முடிந்தது, ‘ப’உ’ என்றால் கரி, ‘ப’ஊ’ ஈரம், ‘பா’ஊ’ பாவாடை. குறில் நெடில் பேதம் நமக்குக் கைவந்தது என்பதால் ஹவாய் மொழி கற்க இறங்கும் தமிழருக்குப் பாதிக் கஷ்டம் முதல் நாளே குறைந்துவிடும்.

ஆனால் நிஇஹாவ் பெரியவர்கள் பலர் எழுதும்போது இந்தக் குறியையும், நெடிலைக் காட்ட எழுத்தின் மேல் இழுக்கும் கோட்டையும் போடுவதில்லை. தங்கள் வேதப் புத்தகத்தில் பழகிய எழுத்து அப்படி, தவிர அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டவருக்குக் குறி எதற்கு. பிற்காலத்தில் வகுப்பில் கற்றவர்களுக்குத்தான் அது கட்டாயம் தேவை.

கேள்வி: நான் மலாய் குடும்பம், பதுளையில் இருக்கிறோம். ஹவாய் மொழிக்கும் எங்கள் மொழிக்கும் உறவு உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். இன்னொருவர் தமிழுக்குத்தான் உறவு, லெமூரியாவிலிருந்து போனது என்கிறார். எது சரி?
*- வாசகர், பதுளை*

முதல் நண்பர். இரண்டாமவருக்கு என் வணக்கம், ஆனால் ஆதாரம் இல்லை. ‘தபு’ என்ற பசிபிக் சொல் விலக்கப்பட்டதைக் குறிக்கும், நம்முடைய ‘தப்பு’ மாதிரியே காதில் விழும், அதை வைத்து உறவு கொண்டாட முடியாது; நாலு சொல் எந்த இரண்டு மொழியிலும் ஒத்துப்போகும். உறவு என்றால் மாற்றம் ஒழுங்காக, வரிசையாக, சொல்லுக்குச் சொல் நடந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பேச்சிலேயே அந்த ஒழுங்கைப் பார்க்கலாம். மலாயில் கண்ணுக்கு ‘மாத்தா’ என்பீர்கள், ஹவாயில் ‘மாக்கா’. மீன் உங்களுக்கு ‘இக்கான்’, மாவோரிக்கு ‘இக்கா’, ஹவாய்க்கு ‘இ’அ’. வானம் உங்களுக்கு ‘லாஙித்’, அவர்களுக்கு ‘லனி’. ஐந்து இருவருக்கும் ‘லிமா’, ஓர் எழுத்தும் மாறவில்லை. ‘மாத்தா’வும் ‘மாக்கா’வும் மேலே ஹட்டன் தங்கச்சி கேட்ட அதே ‘த’வும் ‘க’வும்தான். தைவானிலிருந்து கிளம்பித் தீவு தீவாகக் கடல் கடந்த ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் நீங்களும் அவர்களும் இரு கோடிகள். ஒருநாள் நிஇஹாவ்காரர் ஒருவர் பதுளைக்கு வந்து கண்ணைத் தொட்டுக் காட்டி ‘மாத்தா’ என்று சொன்னால் உங்கள் வீட்டில் யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்காது.

கேள்வி: அந்த ஒரு தீவில் மட்டும் மொழி எப்படித் தப்பியது? அங்கே யாரும் போக முடியாது என்று வாசித்தேன்.
*- தோட்ட உத்தியோகத்தர், மஸ்கெலியா*

உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது சட்டென்று பிடிபடும். நிஇஹாவ் ஒரு தனியார் தோட்டம் மாதிரி. 1864 இல் எலிசபெத் சின்கிளேர் என்ற அம்மையார் ஐந்தாம் கமேஹமேஹாவிடம் பத்தாயிரம் டாலர் தங்கம் கொடுத்துத் தீவையே வாங்கினார். நுவரெலியா மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு, சுமார் 180 சதுர கிலோமீற்றர். இன்றும் அவர் வழிவந்த ரொபின்சன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. வெளியாள் அழைப்பில்லாமல் போக முடியாது. ஆடு மாடு வளர்ப்புதான் வேலை, அதுவும் 1999 இல் நின்றுபோயிற்று. கடற்கரையில் பொறுக்கிய அரிசிமணி அளவு சிப்பிகளைக் கோத்து மாலை செய்கிறார்கள், அது நல்ல விலைக்குப் போகிறது. இருக்கும் ஒரே ஊரின் பெயர் புஉவாய், அதற்கு இதயம் என்று பொருள்.

வெளியே என்ன நடந்தது என்றால், 1893 இல் அரசாட்சியைக் கவிழ்த்தார்கள், 1896 இல் பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி என்று சட்டம் வந்தது. ஒரு தலைமுறை போனது, இரண்டு போனது, தாய் தகப்பனே பிள்ளையோடு ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள். நிஇஹாவில் மட்டும் வீட்டிலும் கோயிலிலும் அந்த மொழி ஒருநாளும் அறவில்லை. எஜமானின் வேலி மொழிக்கு அரணானது என்று சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆள் போக வர முடியாத இடத்தில் வாழ்வதன் விலை என்ன என்று நம் தோட்டங்களில் நான்கு ஐந்து தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். மொழியைக் காத்தது வேலி இல்லை, பிள்ளையோடு அதிலேயே பேசிய தாய்மார்.

2010 கணக்கெடுப்பில் 170 பேர் இருந்தார்கள், 2020 இல் 84. பலர் சுமார் 28 கிலோமீற்றர் கடல் தாண்டி காவாயியின் மேற்குக் கரைக்கு, கெக்கஹா பக்கம் வந்துவிட்டார்கள். 1978 இல் ஹவாய் மொழி ஆட்சி மொழியானது, 1984 இல் அதை மீட்பதற்காக முதல் பாலர் பள்ளி தொடங்கினார்கள், ‘பூனானா லேயோ’, மொழிக்கூடு என்று பெயர். அதை எங்கே தொடங்கினார்கள் தெரியுமா? இதே கெக்கஹாவில். பிறந்த நாளிலிருந்து அந்த மொழியைப் பேசுகிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு ஓர் உறுத்தல். பல்கலைக்கழகத்தில் கற்று நன்றாகத் தேறி வரும் இளைஞர்கள் எழுத்தில் உள்ளபடி ‘க’ போட்டுத் தெளிவாகப் பேசுகிறார்கள், நிஇஹாவ் பெரியவர்களுக்கு அது புத்தகப் பேச்சாகக் கேட்கிறது. பள்ளியில் படிக்கும் நிஇஹாவ்ப் பிள்ளை ‘என் அம்மா சொல்வது புத்தகத்தில் இல்லையே’ என்று கேட்டால் என்ன பதில்? அந்த இளைஞர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் இல்லாவிட்டால் மொழி ஐம்பது வருடத்தில் முடிந்திருக்கும். ஆனால் கற்றவர் பேச்சும் பிறந்தவர் பேச்சும் ஒத்துப்போகாத இடத்தில் முதலில் கேட்கப்பட வேண்டியது பிறந்தவர் பேச்சு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: என் பேத்தி டவுன் ஸ்கூலில் படிக்கிறாள். ‘கொட’, ‘எல’, ‘ஒடம்பு’ என்று பேசுகிறாளாம், தோட்டத்துப் பேச்சு, பிழை என்று கொப்பியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை இப்போது என்னோடு பேசவே தயங்குகிறாள். நாங்கள் பேசுவது பிழையா?
*- ஓய்வுபெற்ற கொழுந்து பறிப்பவர், டிக்கோயா*

இல்லையம்மா. பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கச் சொல்லுங்கள்.

பாப்பா, ‘குடை’யைக் ‘கொட’ என்கிறாய், ‘துரை’யைத் ‘தொர’ என்கிறாய், ‘இலை’யை ‘எல’ என்கிறாய், ‘இடம்’ என்பதை ‘எடம்’ என்கிறாய். ஆனால் ‘குடி’யைக் ‘கொடி’ என்று சொல்வாயா? ‘இனி’யை ‘எனி’ என்பாயா? மாட்டாய். ஏன் தெரியுமா, அடுத்து வருகிற எழுத்தில் ‘அ’வோ ‘ஐ’யோ இருந்தால்தான் முன்னால் உள்ள ‘உ’, ‘ஒ’ ஆகும், ‘இ’, ‘எ’ ஆகும். யாரும் சொல்லித்தராமல் இந்த விதியை நீ ஒருநாளும் பிசகாமல் கடைப்பிடிக்கிறாய். பிழை என்றால் அங்கொன்று இங்கொன்று என்று தாறுமாறாக வரும். தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள். எழுதும்போது ‘குடை’ என்று எழுது, அது எழுத்துக்கு உரிய முறை. அப்பாயியிடம் ‘கொட எங்க’ என்றே கேள்.

நானும் லயத்தில் வளர்ந்தவள். ‘காம்பரா’ என்று சொன்னதற்காக ஒரு வகுப்பில் எழுந்து நிற்க வைக்கப்பட்டேன், ‘அறை’ என்று பத்து முறை சொல்லச் சொன்னார்கள். அந்தச் சொல் போர்த்துக்கீசரிடமிருந்து வந்து இந்த நாட்டில் சிங்களவரும் தமிழரும் புழங்கும் சொல் என்று எனக்குத் தெரிந்தபோது வயது நாற்பது. ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தர் கொடுத்தது, ‘கொந்தரப்பு’ ஆங்கிலத்திலிருந்து நாம் பிசைந்து எடுத்தது. இவற்றுக்கு நடுவே திருச்சியும் மதுரையும் சேலமும் திருநெல்வேலியும் கலந்த ஒரு தமிழ் இருக்கிறது, கலந்து கலந்து வேறெந்த ஊரிலும் இல்லாத ஒரு ருசிக்கு வந்துவிட்டது. டீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: கொப்பியில் ‘பிழை’ என்று எழுதும் இடத்தில் ‘எழுத்தில் இப்படி’ என்று எழுதுங்கள். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

அம்மா, உங்களுக்கும் ஒரு வேலை. பெரட்டுக்களம், புள்ளைக்காம்பரா, அரைப்பேர், நம்பர் மலை, இப்படி உங்கள் வாயில் வரும் சொற்களைப் பேத்தியின் போனில் பேசிப் பதிவு செய்து வையுங்கள். எழுத வேண்டாம், பேசினால் போதும். நிஇஹாவின் ‘த’வுக்கு அந்தக் காலத்தில் கிடைக்காத வசதி அது.

கேள்வி: ஹவாயிலும் தோட்டங்கள் இருந்தனவாமே, அங்கே கங்காணி உண்டா?
*- வாசகர், நானுஓயா*

உண்டு. கரும்புத் தோட்டங்கள். சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசர், பிலிப்பினோக்கள் என்று கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள், கங்காணிக்கு ‘லூனா’ என்று பெயர். மேலே இருப்பவர் என்பது அந்த ஹவாய்ச் சொல்லின் பொருள், பலர் குதிரைமேல் வருவார்கள் என்பதால் அது இரண்டு வகையிலும் பொருந்தியது. ஆளுக்கொரு மொழி பேசியவர்கள் கலந்து ஒரு புதுப் பேச்சை உண்டாக்கினார்கள், அதில் ஹவாய்ச் சொற்கள் ஏராளம். வேலை விடும் நேரத்துக்கு அவர்கள் எல்லோரும் சொன்ன சொல் ‘பாவ் ஹனா’. பாவ் என்றால் முடிந்தது என்று மேலே சொன்னேன், ஹனா என்றால் வேலை. இன்றும் ஹொனொலுலுவில் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அதையே சொல்கிறார்கள்.